முக்கால் விநாடி

‘பத்திரம்’ என்று எழுதிவிட்டால் எந்தப் பத்திரம் என்று எழுத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வீட்டுப் பத்திரம், நிலப் பத்திரம் என்னும்போது அது ஆவணம். பழைய பொருள் இலை, ஓலை. ‘பத்திரமா போயிட்டு வா’ என்னும்போது அது பாதுகாப்பு. வடமொழியில் இவை தொடர்பில்லாத இரண்டு சொற்கள், ஒலிப்பும் வேறு. தமிழ் எழுத்துக்குள் வந்ததும் ஒன்றாகிவிட்டன. அதனால்தானோ என்னவோ, எழுதி வைத்துவிட்டாலே பாதுகாத்துவிட்டோம் என்று நமக்கு ஒரு நினைப்பு.

‘பத்திரமா இருக்கா?’ என்று யாராவது கேட்டால் ‘இருக்கு’ என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் அங்கே கேட்கப்படுவது இரண்டு. பொருள் தொலையாமல் இருக்கிறதா? வைத்தது வைத்தபடியே இருக்கிறதா? முதல் கேள்விக்குப் பெட்டியைத் திறந்து பார்த்தால் போதும். இரண்டாவதற்கு என்ன செய்வது? வீட்டு சர்வருக்கு எந்த ஃபைல் சிஸ்டம் போடலாம் என்று தேட ஆரம்பித்த நான், அந்த இரண்டாவது கேள்வியில்தான் நின்றுகொண்டிருக்கிறேன்.

தெலுக் பங்லிமா காராங், கிள்ளானிலிருந்து பந்திங் போகிற சாலையில் இருக்கிறது. கேரித் தீவுக்குப் போகிறவர்கள் இந்தப் பக்கமாக வந்துதான் பாலத்துக்குத் திரும்புவார்கள். கோலா லங்காட் மாவட்டத்தின் பல இடங்களைப் போலவே இங்கேயும் கித்தா மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடங்களில் தொழிற்பேட்டையும் தாமான்களும் வந்தன. என் தாத்தாவும் பாட்டியும் இருந்த தோட்டத்து லயம் இப்போது இல்லை. அங்கே பேசிய பேச்சில் கொஞ்சம் 31 கேசட்டுகளில் இருக்கிறது. 1980களில் என் மாமா, அம்மாவின் தம்பி, ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கினார். மற்றவர்கள் சினிமாப் பாட்டுப் பதிந்தார்கள். இவர் சாயங்காலத்தில் லயத்து வாசலில் பெரியவர்கள் பேசுவதைப் பதிந்தார். பால் மரம் வெட்டிய கதை, சயாமுக்கு ரயில் பாதை போடப் போன கதை, தாலாட்டு, ஒப்பாரி, ரேஷன் அரிசிக்காக நடந்த சண்டை. பின்னால் எங்கேயோ வானொலி பாடிக்கொண்டிருக்கும், கோழி கத்தும்.

எல்லாவற்றையும் கணினியில் ஏற்றியாயிற்று. ஒரு மணி நேரக் கேசட் ஒன்று சுமார் 600 மெகாபைட். மொத்தமும் 20 ஜிகாபைட்டுக்குள் அடங்கிவிடும், கைப்பேசியிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் நாடாக்களில் பாதி பூஞ்சை பிடித்தவை. ஓட்டும்போதே உதிர்ந்தன, இன்னொரு முறை ஓட்ட முடியாது. ஆக, இந்த 20 ஜிகாபைட்டுக்கு மேல் மூலம் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. அதற்காக லோ யாட்டில் வாங்கிய இரண்டு 4 டெராபைட் டிஸ்க்குகள், ஒரு பழைய கணினி. படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. மாமாவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

“டேய், அம்மா அதுக்குள்ள பத்திரமா இருக்குமா?”

டிஸ்க்குக்குத் தனக்குள் இருப்பது பாட்டியா பாட்டா என்று தெரியாது. அதற்குத் தெரிந்தது எண்ணிட்ட கட்டங்கள் மட்டும். எந்தக் கட்டம் எந்தக் கோப்புக்கு என்று கணக்கு வைப்பது ஃபைல் சிஸ்டம். தோட்டத்துக்குக் கிராணி மாதிரி. லினக்ஸில் பெரும்பாலோர் யோசிக்காமல் போடுவது எக்ஸ்ட்-4. 2008 டிசம்பரிலிருந்து லினக்ஸ் கெர்னலில் முழு உறுப்பாக இருந்து வருகிறது. கோடிக்கணக்கான கருவிகள் அதன் மேல் ஓடுகின்றன. நல்ல கிராணி என்றே சொல்வேன். எங்கள் பக்கத்தில் மாலையானால் இடி, இடி வந்தால் கரண்ட் போகும். எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனாலும் எக்ஸ்ட்-4 தடுமாறாமல் எழுந்துவிடும். செய்யப்போவதை ஜர்னல் என்கிற குறிப்பேட்டில் முதலில் எழுதிவிட்டுத்தான் செய்யும். ஆனால் வழக்கமான அமைப்பில் அந்தக் குறிப்பேட்டுக்குள் போவது கணக்கு மட்டும்: என்ன கோப்பு, எவ்வளவு நீளம், எந்தெந்தக் கட்டம். கட்டத்துக்குள் இருக்கும் குரல் நேற்று இருந்த குரல்தானா என்று அது பார்ப்பதில்லை. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டுச் செக்ரோலில் கோடு போடுவார்களே, அதுபோல. ஆள் வந்தாச்சு. காய்ச்சலோடு வந்தானா என்று பார்ப்பது கிராணியின் வேலை இல்லை.

டிஸ்க்கும் தன் பங்குக்குப் பிழைதிருத்தக் குறிகள் வைத்திருக்கிறது. பெரும்பாலான கோளாறு அங்கேயே பிடிபட்டுவிடும். அரிதாகச் சில தப்பும். ஓர் இடத்தில் எழுதச் சொன்னால் வேறிடத்தில் எழுதிவைப்பது, எழுதாமலே ‘எழுதிட்டேன்’ என்பது, வழியில் கேபிளிலோ கன்ட்ரோலரிலோ ஒரு பிட் புரண்டுவிடுவது. இவை நடக்கும்போது எந்தச் சத்தமும் வராது. பத்து வருடம் கழித்துக் கேட்டால் தவறானதை எடுத்து முகம் மாறாமல் கொடுக்கும். இரண்டு டிஸ்க்கில் இரண்டு பிரதி வைத்தால் தீர்ந்தது என்று நினைக்கலாம். லினக்ஸின் பழைய மென்பொருள் ராய்டில் அப்படி வைத்து, இரண்டும் ஒன்றுக்கொன்று வேறாகிவிட்டால், எது சரி என்று அதற்குத் தெரியாது. ‘சரி செய்’ என்றால் ஒன்றை எடுத்து மற்றதன் மேல் எழுதிவிடும். அவ்வளவுதான் அதன் சரி. இது பிறகு தேவைப்படும், ஞாபகத்தில் இருக்கட்டும்.

2001-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜெஃப் பான்விக்கும் மேத்யூ ஆரன்ஸும் தொடங்கி, 2005-ல் திறந்த மூலமாக வெளியான இசட்.எஃப்.எஸ் இந்த இடத்தில் வேறு குணம் கொண்டது. அது டிஸ்க்கை நம்புவதில்லை. ஒவ்வொரு துண்டை எழுதும்போதும் அதன் உள்ளடக்கத்திலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிடுகிறது. செக்சம் என்பார்கள். அந்த எண்ணை அந்தத் துண்டோடு சேர்த்து வைப்பதில்லை. அதைச் சுட்டுகிற மேல் துண்டுக்குள் வைக்கிறது. அந்த மேல் துண்டின் எண் அதற்கும் மேலே. இப்படியே உச்சி வரை. படிக்கும்போது மறுபடி கணக்கிட்டுப் பார்க்கும். ஒத்துப்போகாவிட்டால் இரண்டாவது டிஸ்க்கில் இருக்கும் பிரதியைப் பார்க்கும்; அது ஒத்துப்போனால் நமக்கு அதைக் கொடுத்துவிட்டு, கெட்டதையும் திருத்தி எழுதிவிடும்.

இதைப் படித்தபோது எனக்கு அந்தாதிதான் நினைவுக்கு வந்தது. ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கம். பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் பத்தாம் பத்தும் நமக்குக் கிடைக்கவில்லை. நான்காம் பத்து அந்தாதியாக வந்திருக்கிறது. அப்படிக் கோத்த பாட்டுகளில் ஒன்று உதிர்ந்தால் பக்கத்துப் பாட்டு காட்டிக்கொடுத்துவிடும். வரிசை மாறினாலும் தெரியும். பாட்டின் நடுவே ஒரு சொல் மாறினால் அந்தாதிக்குத் தெரியாது. அங்கே எதுகையும் சீரும் ஓரளவுக்குக் காவல் இருக்கும், ஆனால் அதே எதுகையில் வேறொரு சொல்லைப் போட்டுவிட்டால் அவையும் ஏமாறும். இசட்.எஃப்.எஸ்ஸின் எண் முழு உள்ளடக்கத்திலிருந்தும் வருவதால் அப்படி ஏமாற்றுவது கடினம். அந்தாதிக்கு இருக்கும் ஒரு வசதி இசட்.எஃப்.எஸ்ஸுக்கு இல்லை. அந்தாதியின் கடைசிச் சொல் முதல் பாட்டுக்கே திரும்பி மண்டலித்து முடியலாம், கடைசிப் பாட்டுக்கும் ஒரு சாட்சி கிடைத்துவிடும். இங்கே உச்சியில் இருக்கும் துண்டுக்கு மேலே யாரும் இல்லை. அது தன் எண்ணைத் தானே சுமந்துகொண்டு, பல இடங்களில் பிரதியாக இருந்து சமாளிக்கிறது.

(லினக்ஸுக்குள்ளேயே வருகிற பிடிஆர்எஃப்எஸ்ஸும் செக்சம் வைக்கும். இரண்டு டிஸ்க் மிரருக்கு அது போதும். ராய்ட் 5, 6-க்கு அதன் சொந்தக் கையேடே எச்சரிக்கிறது. இசட்.எஃப்.எஸ்ஸின் உரிமம் லினக்ஸ் உரிமத்தோடு ஒத்துவராததால் அதை வெளியிலிருந்து சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தச் சண்டையைச் சொல்ல ஆரம்பித்தால் விடிந்துவிடும்.)

மாமாவிடம் இவ்வளவையும் ஓர் ஒட்டுக்கடையில் தே தாரே ஆறுவதற்குள் சொல்லி முடித்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர் ஒரே ஒரு இடத்தில் நிறுத்தினார். “ரெண்டு டிஸ்க்குலயும் கெட்டுப்போச்சுன்னா?”

நியாயமான கேள்வி. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய டிஸ்க்குகள். ஒன்று செத்து, புதியது வரும் வரை மற்றது தனியாக நிற்கும் நாள் எப்படியும் வரும். அந்த நாளில் மிச்சமிருக்கும் பிரதியில் ஒரு பிட் புரண்டிருந்தால் இசட்.எஃப்.எஸ் என்ன செய்யும்? அந்தத் துண்டைக் கொடுக்காது. ‘படிக்க முடியவில்லை’ என்று பிழை காட்டும்.

துண்டு என்றால் எவ்வளவு? வழக்கமான அமைப்பில் 128 கிலோபைட். எங்கள் கேசட் ஒலிக்கோப்பில் அது ஏறக்குறைய முக்கால் விநாடி. சுருக்கப்படாத ஒலிக்கோப்பில் ஒரே ஒரு பிட் புரண்டால் காதுக்கு என்ன தெரியும்? பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. மிஞ்சிப்போனால் ‘டிக்’ என்று ஒரு சத்தம். எக்ஸ்ட்-4 அந்த டிக்கோடு பாட்டியைப் பேசவிடும். இசட்.எஃப்.எஸ் முக்கால் விநாடியை முழுசாகப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

“ஒரு டிக் சத்தத்துக்காகவா? அம்மாவோட பேச்ச அது எடுத்து வச்சிக்குமா? யாரு வூட்டுப் பொருளு அது?”

அவருக்குத் தொழில்நுட்பம் தெரியாததால் அப்படிக் கேட்டார் என்று தள்ளிவிட முடியவில்லை. வயதானவர்கள் கதை சொல்லும்போது நடுவில் ஒரு பெயர் தப்பினால் யாரும் அவர்கள் வாயைப் பொத்துவதில்லை. நினைவு என்பதே கொஞ்சம் கரகரப்போடு வருவதுதான் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அன்பு இருக்கும் இடத்தில் குறையோடு கிடைப்பது, கிடைக்காமல் போவதைவிட மேல். மாமாவின் கட்சி இது. மறுக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று.

ஏனென்றால் அதே டிஸ்க்கில் இன்னொரு ஃபோல்டரும் இருக்கிறது. தாத்தாவின் சிவப்பு ஐசி, அம்மாவின் சூராட் பெரானாக், தோட்டத்தில் கொடுத்த துண்டுச்சீட்டுகள், எல்லாம் ஸ்கேன் செய்து வைத்தவை. இந்த நாட்டில் ஒரு தலைமுறைத் தோட்டத் தமிழருக்குக் காகிதம் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். பிறந்த தேதியில் ஓர் இலக்கம், பெயரில் ஓர் எழுத்து வேறாக இருந்ததால் அலுவலகப் படிக்கட்டுகளில் வருடக்கணக்கில் ஏறியிறங்கிய குடும்பங்கள் உண்டு. அங்கே ‘கரகரன்னு இருந்தாலும் பரவால்ல’ என்று சொல்ல முடியுமா? ‘இது கெட்டுவிட்டது, இதை நம்பாதே’ என்று முகத்துக்கு நேரே சொல்கிற காவலாளிதான் வேண்டும். ஃபைல் சிஸ்டத்துக்கு எது தாலாட்டு, எது ஐசி என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. எல்லாவற்றுக்கும் ஒரே நீதி.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியை நம் பதிப்பாசிரியர் ஒருவர் வைத்திருக்கிறார். உ.வே.சாமிநாதையர் 1894-ல் புறநானூற்றைப் பதிப்பித்தார். 267, 268 ஆகிய இரண்டு பாட்டும் கிடைக்கவில்லை. எண்களை நெருக்கி 398 பாட்டு என்று நூலை முடிக்கவில்லை. அந்த இரண்டு எண்களுக்கும் உரிய இடம் வெற்றிடமாகவே இன்றுவரை வருகிறது. பல பாட்டுகளில் அடிகள் சிதைந்திருந்தன. அங்கே புள்ளிகள் வைத்தார். செய்யுள் இயற்றத் தெரிந்த புலவர் அவர். ஆசிரியப்பாவில் நாலு சொல்லைப் போட்டு நிரப்ப முடியாதா என்ன? நிரப்பியிருந்தால் நமக்கு வாசிக்கச் சுகமாக இருந்திருக்கும், எது புலவன் சொல், எது ஐயர் சொல் என்றும் தெரியாமல் போயிருக்கும். இன்னொன்றும் செய்தார். ஏட்டுக்கு ஏடு வேறுபட்ட பாடங்களை அடிக்குறிப்பில் கொடுத்தார். அதாவது, கெட்டது என்று சொன்னார், கெட்டதில் மிச்சம் இருந்ததையும் கையில் கொடுத்தார். முடிவை நம்மிடம் விட்டார்.

இசட்.எஃப்.எஸ் ஐயரைவிடக் கறார். புள்ளி வைக்கும், ஆனால் சிதைந்த எழுத்தைக் காட்டாது. மாமா எரிச்சல்பட்டது இந்த இடத்தில்தான் என்று இப்போது நினைக்கிறேன். அவர் பொய் கேட்கவில்லை. ‘கெட்டிருக்கு, இருந்தாலும் தரட்டுமா?’ என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்கிறார். அந்த மரியாதை அந்த மென்பொருளுக்கு இல்லை. ஆனாலும் சொல்லாமல் கொடுப்பவன், கொடுக்காமல் சொல்பவன், இந்த இரண்டு பேரில் ஒருவனை வேலைக்கு வைக்க வேண்டும் என்றால் நான் இரண்டாமவனைத்தான் வைப்பேன். அவனிடம் சண்டை போடலாம். முதலாமவனிடம் எப்போது சண்டை போட வேண்டும் என்றே தெரியாது.

இதோடு கட்டுரை முடிந்திருக்கலாம். முடியவிடாமல் செய்தது 2023 நவம்பர்.

அந்த மாதம் இசட்.எஃப்.எஸ்ஸிலேயே ஒரு பிழை வெளியே வந்தது. ஒரு கோப்பை எழுதிய மறுகணமே இன்னொரு நிரல் அதை நகலெடுத்தால், டிஸ்க்குக்கு இன்னும் போய்ச் சேராத பகுதி வெற்றிடம் என்று சில சமயம் பதில் வந்தது. நகலில் அந்த இடத்தில் சுழியங்கள் விழுந்தன. 2.2.0 பதிப்பில்தான் பலர் கண்ணில் பட்டது என்றாலும், தோண்டிப் பார்த்தால் அடிப்படைப் பிழை பல வருடங்களாக உள்ளேயே இருந்திருக்கிறது. மாத முடிவுக்குள் 2.2.2, 2.1.14 பதிப்புகளில் திருத்திவிட்டார்கள். மிக அரிதாக நடக்கக்கூடியது, பெரும்பாலோரைத் தொடவே இல்லை. எனக்குத் தூக்கம் போனது அதனால் இல்லை. அந்தச் சுழியங்களுக்கும் செக்சம் எழுதப்பட்டது. சரியான செக்சம். மாதாமாதம் எல்லாத் துண்டையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்கரப் என்ற வேலை உண்டு. அது அந்தக் கோப்புகளைக் கடந்து போகும்போது ‘பிழை எதுவும் இல்லை’ என்றுதான் சொல்லும். பொய் சொல்லாத சாட்சிதான். அது வந்து சேர்வதற்கு முன்னாலேயே பொருள் மாறிவிட்டது.

ஃபைல் சிஸ்டத்துக்கு வெளியிலும் இப்படி நடக்கும். 2013-ல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியர், சில ஜெராக்ஸ் இயந்திரங்கள் ஸ்கேன் செய்யும்போது 6 என்ற இலக்கத்தை 8 ஆக மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்தார். மங்கலாகவோ உடைந்தோ இல்லை, பளிச்சென்று ஓர் 8. படத்தைச் சுருக்கும் முறை, ஒன்றுபோலத் தெரிந்த துண்டுகளை ஒன்றாகவே எடுத்துக்கொண்டதன் விளைவு. அப்படி வந்த சூராட் பெரானாக்கை என் சர்வரில் போட்டால், உலகத்தின் மிகச் சிறந்த ஃபைல் சிஸ்டம் அந்த 8-ஐ ஒரு பிட் பிசகாமல் நூறு வருடம் காப்பாற்றும்.

1984-ல் சால்ட்சர், ரீட், கிளார்க் மூவரும் எம்.ஐ.டி.யிலிருந்து எழுதிய ஒரு கட்டுரை கணினித் துறையில் பிரபலம். வழியில் ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு சரிபார்த்தாலும், சரியாக வந்ததா என்று உறுதியாகச் சொல்லக்கூடியது இரண்டு முனைகளில் இருப்பவர்கள்தான் என்பது அதன் வாதம். அதில் ஒரு சம்பவம் வரும். அவர்கள் வளாக வலையமைப்பில் ஒவ்வொரு இணைப்பிலும் செக்சம் இருந்தது, அதை நம்பிக் கோப்புகளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு கேட்வே கணினி, தன் நினைவகத்துக்குள் இங்கிருந்து அங்கே மாற்றும்போது ஏறக்குறைய பத்து லட்சம் பைட்டுக்கு ஒருமுறை இரண்டு பைட்டுகளை இடம் மாற்றிப் போட்டது. உள்ளே வரும்போதும் செக்சம் சரி, வெளியே போகும்போதும் சரி. ஓர் இயங்குதளத்தின் மூலநிரல் அதன் வழியாகத் திரும்பத் திரும்பப் போய்வந்து சிதைந்தது. கடைசியில் உரியவர்கள் பழைய அச்சுப் பிரதிகளை எடுத்துவைத்து, கண்ணால் ஒப்பிட்டுத் திருத்த வேண்டியதாயிற்று. ஏடு ஒப்புநோக்குகிற அதே வேலை.

எங்கள் முனையில் இருப்பது காது. நாடா உதிர்ந்துவிட்டது, ஒப்பிட வேறு பிரதி இல்லை. மாமாவுக்கு 68 வயது. அந்தக் குரல்கள் எப்படி இருந்தன என்று தெரிந்தவர்கள் அவரும் பெரியம்மாவும்தான்.

ஆகையால் செய்திருப்பது இது. இரண்டு டிஸ்க்கிலும் இசட்.எஃப்.எஸ் மிரர். மூன்றாவது பிரதி ஈப்போவில் அக்கா வீட்டில் வேறொரு டிஸ்க்கில், அங்கே எக்ஸ்ட்-4. ஒரே மென்பொருளின் ஒரே பிழை மூன்றையும் தின்றுவிடக் கூடாது. கிள்ளானில் வைக்கவில்லை. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் ஜனங்கள் வீட்டு மேல்மாடியில் உட்கார்ந்து படகுக்குக் காத்திருந்ததைப் பார்த்தோம். வெள்ளத்துக்கு எந்தச் செக்சமும் தெரியாது. டெபியனில் ஸ்கரப் வேலை தானாகவே மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை ஓடும்படி வருகிறது. அன்றைக்கே மாமா வருகிறார். கீழே டிஸ்க்குகள் கரகரவென்று ஓடிக்கொண்டிருக்க, மேலே நாங்கள் ஒரு கேசட்டை முழுசாகக் கேட்கிறோம்.

போன மாதம் 17-ஆவது. தாத்தா சயாமிலிருந்து திரும்பிய கதையின் நடுவே ஒரு பெண் குரல், “அப்ப இவுக தம்பி எங்க இருந்தாக?” என்று கேட்கிறது. தாத்தா பதில் சொல்லாமல் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார். அது பாட்டியின் தங்கை என்றார் மாமா. பெரியம்மாவுக்கு போனில் போட்டுக் காட்டினோம். “இல்லடா, அது மூணாவது வீட்டு அக்கா. சித்திக்கு இந்த மாதிரி ‘இவுக’ எல்லாம் வராது.” மாமா ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஒலிக்கோப்பின் ஒவ்வொரு துண்டும் சரியாக இருப்பதாக இசட்.எஃப்.எஸ் சொல்கிறது.

“பெரியவ சொல்றா, அவ பேரையே போட்டுக்க” என்றார் மாமா, கொஞ்ச நேரம் கழித்து. கோப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் குறிப்பில் இரண்டு பெயரையும் எழுதினேன். யார் எந்தப் பெயரைச் சொன்னார்கள் என்று எழுதி, தேதி போட்டேன். தாத்தா பதில் சொல்லாத இடத்தின் நிமிடக் கணக்கையும். அடுத்த ஞாயிறு 18-ஆவது கேசட். அதில் சித்தி பாடுகிறார் என்று அட்டையில் எழுதியிருக்கிறது, மாமாவின் கையெழுத்தில்.